ஸ்பீக்கர் வைப்பியல்: திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

சென்னை சென்ட்ரல், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி. வரைபடத்தில் இந்த மூன்றையும் ஸ்கேல் வைத்து இணைத்தால் ஏறக்குறைய ஒரு சமபக்க முக்கோணம் கிடைக்கும். சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் நேர்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டர். கும்மிடிப்பூண்டியும் ஏறத்தாழ அதே தூரம். இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 37. ஸ்டீரியோ செட்டோடு வரும் கையேடுகள் படம் போட்டு வற்புறுத்துவது இந்த வடிவத்தைத்தான்: இரண்டு ஸ்பீக்கர், ஒரு கேட்பவர், மூவருக்கும் சம இடைவெளி. சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் வடமேற்கு நோக்கி நிற்கும் மின்ரயில் பயணியே கேட்பவர். அவருடைய இடது சேனலில் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் நாதஸ்வரம், வலது சேனலில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ரோலிங் மில். இரண்டும் புறப்பட்டுக் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் கழித்து ஒரே கணத்தில் அவர் காதில் சேர வேண்டும். சேராததற்கு வால்டாக்ஸ் ரோட்டு ஹாரன்களைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

ஒரு மாவட்டமே இத்தனை இலக்கணச் சுத்தமாக அமர்ந்திருக்க, அதே மாவட்டத்து வீடுகளுக்குள் ஒரு ஸ்பீக்கர் டிவி ஸ்டாண்டின் காலடியிலும் மற்றொன்று பீரோவின் தலையிலும் இருப்பது ஏன்? பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997-இல் பிரிந்து திருவள்ளூர் மாவட்டம் உருவானபோது ஏரி பேசப்பட்டது, எல்லை பேசப்பட்டது. ஸ்பீக்கர் பேசப்படவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

முன்னோர் நூல்

ஸ்டீரியோ என்னும் எண்ணத்துக்கு லண்டனில் 1931-இல் காப்புரிமை கோரியவர் ஆலன் பிளம்லைன். திரையில் நடிகர் ஓர் ஓரத்தில் நடக்க, குரல் மட்டும் வேறிடத்திலிருந்து வந்தது அவரை உறுத்திற்று என்பர். தமிழ்த் திரையிசைக்கு ஸ்டீரியோ 1978-இல் ‘ப்ரியா’ மூலம் வந்து சேர்ந்தது. இளையராஜா மெனக்கெட்டு இரண்டாகப் பிரித்துக் கொடுத்ததை நாம் ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரெக்கார்டரில் மறுபடி ஒன்றாக்கிக் கேட்டோம். பிறகு பர்மா பஜார் ஃபாரின் செட் வந்தது. ரிச்சி தெருவில் 4440 போர்டு வாங்கி, பலகைப் பெட்டி செய்து, அசெம்பிள் செட் கட்டும் தலைமுறை வந்தது. அதற்கும் பிறகு 5.1 ஹோம் தியேட்டர். முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டிய இரண்டு சின்ன ஸ்பீக்கர்களும், ஒயர் எட்டாத காரணத்தால், டிவிக்கு மேலேயே ஒன்றையொன்று முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அமைப்புக்கு இவ்வட்டாரத்தில் ‘சரவுண்ட்’ என்று வழங்குவர். திரையில் ஹெலிகாப்டர் தலைக்குப் பின்னால் பறக்க வேண்டும். இங்கே அது கேலண்டருக்கும் கடிகாரத்துக்கும் நடுவே பறந்து முடிக்கும்.

ஹார்வர்டின் வாலஸ் சபின், ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ், நம் இளங்கோவடிகள் ஆகியோரும் இத்துறைக்கு முன்னோடிகளே. அவரவர் இடம் வரும்போது அழைத்துக்கொள்வோம். இவர்களுள் எவரும் கும்மிடிப்பூண்டியில் வாடகைக்குக் குடியிருந்ததில்லை என்பதை மட்டும் வாசகர் மனத்தில் வைக்க வேண்டும்.

செருகிடச் சூத்திரம்

ஸ்பீக்கர் எங்கே நிற்கிறது என்பதற்கு மேல்நாட்டார் அறையின் அளவு, சுவரின் தன்மை, காதின் உயரம் எனப் பல காரணம் காட்டுவர். களத்தில் கண்டது வேறு. அதைச் சூத்திரமாக்கினால்:

செருகிடம் யாண்டு பெட்டியும் ஆண்டே;
கம்பி எட்டா இடத்தொலி எட்டா;
காதின் விருப்பம் கருதப் படாதே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், ஸ்பீக்கரின் இருப்பிடத்தைத் தீர்மானிப்பது யாது என உணர்த்துதல் நுதலிற்று. செருகிடமாவது பிளக் பாயிண்ட். கம்பியாவது ஒயர். வீடு கட்டும்போது, பூச்சுவேலைக்கு முன்னால் சுவரைக் கொத்தி பைப் புதைக்கும் நாளில், எலக்ட்ரீஷியன் வந்து “டிவி எங்க சார் வரும்?” என்று கேட்பார். உரிமையாளர் அப்போது மணல் லோடுக்காரரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார். ஏதோ ஒரு மூலையைக் கையால் காட்டுவார். அந்தக் கையசைவில் அக்குடும்பத்தின் இரண்டு தலைமுறை இசை கேட்கும் முறை முடிவாகிவிடுகிறது. வாடகைக்கு வருகிறவருக்கு அந்தக் கையசைவுகூட இல்லை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதே அவருக்கு முதல் நிபந்தனை. ஸ்பீக்கருக்கு பிராக்கெட் மாட்ட டிரில் போடுவதைப் பற்றி அவர் நினைக்கவும் கூடாது.

அற்றேல், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என ஒன்று உண்டே எனின், உண்டு. அதில் வைஃபை பெட்டி, இரண்டு செல்போன் சார்ஜர், கொசுமருந்து மெஷின் ஆகியவை முன்பே குடியேறிவிட்டன. கொசுமருந்தைப் பிடுங்கிவிட்டுப் பாட்டுக் கேட்கலாம் என்பது கூவம் ஆற்றுக்கோ கொசஸ்தலை ஆற்றுக்கோ பக்கத்தில் ஓர் இரவும் படுக்காதவர் கூற்று.

பத்துக்குப் பத்து

வடக்கே கவரைப்பேட்டை தொடங்கி மேற்கே காக்களூர் சிட்கோ எஸ்டேட் வரை தொழிலாளர் வாடகைக்கு எடுக்கும் அறையின் அளவு பெரும்பாலும் ஒன்றே: பத்தடி நீளம், பத்தடி அகலம். கூரையும் பத்தடியில் அமைந்துவிட்டால் அறை ஒரு சரியான கனசதுரம். குடியிருக்க இதில் குறை சொல்ல முடியாது. ஒலிக்கு இதைவிடக் கெட்ட வடிவம் கிடையாது.

காரணம் எளிது. இரண்டு சுவர்களுக்கு இடையே அலையின் பாதி நீளம் சரியாகப் பொருந்துகிற ஒலி, போய் முட்டித் திரும்பி, தன்னோடு தானே சேர்ந்து வீங்கும். ஒலியின் வேகம் 30 டிகிரி வெயிலில் வினாடிக்குச் சுமார் 350 மீட்டர். பத்தடி என்பது 3.05 மீட்டர். கணக்குப் போட்டால் வீங்கும் ஒலி 57 ஹெர்ட்ஸ். நீளத்திலும் 57, அகலத்திலும் 57, உயரத்திலும் 57. பேஸ் கிட்டாரின் மற்ற ஸ்வரங்கள் எல்லாம் மரியாதையாக வந்து போக, இந்த ஒன்று மட்டும் மும்மடங்கு உரிமையோடு ‘பூம்’ என்று எழும். கேட்பவர் “செட்டு செம பாஸ்” என்பார். அவர் கேட்பது செட்டை அல்ல, வீட்டுக்காரர் கட்டிய அறையை.

இதில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. அறையின் நட்ட நடுவில் அந்த 57 ஹெர்ட்ஸ் அறவே கேட்காது. முட்டித் திரும்பும் அலைகள் அங்கே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆகவே சுவரோரம் சாய்ந்தவருக்கு வீக்கம், நடுவில் சப்பணமிட்டவருக்குப் பட்டினி. பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் முப்பத்தெட்டு விழுக்காடு தள்ளி உட்காரச் சொல்வார்கள் கைதேர்ந்தவர்கள். பத்தடி அறையில் அது நாலடிக்குச் சற்றுக் குறைவு. அந்த இடத்தில் இவ்வட்டாரத்தில் வழக்கமாக இருப்பது கட்டிலின் கால்மாடு.

இளங்கோவடிகள் இதில் கவனமாக இருந்தார். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் அரங்குக்கு அவர் தரும் அளவு ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம். அரங்கின் தளப் பலகைக்கும் மேலே உத்தரப் பலகைக்கும் நடுவே நான்கு கோல் இடைவெளி. மூன்றும் வேறு வேறு. எட்டு என்பது நான்கின் இரட்டி ஆதலால் நீளத்தின் இரண்டாம் அலையும் உயரத்தின் முதல் அலையும் ஒன்றின்மேல் ஒன்று விழும் என்று குற்றம் காண்பாரும் உளர். சப்-வூஃபர் இல்லாத காலத்தில் அது பெருங்குற்றம் ஆகாது. போக, வர இரண்டு வாயில்கூட வைத்தார். நம் அறைக்கு ஒன்றுதான், அதிலும் பாதியைச் செருப்பு ஸ்டாண்ட் அடைத்திருக்கும்.

தட்பவெப்பமும் கணக்கில் வரும். கோடையில் தமிழகத்தின் வெப்பப் பட்டியல் வெளியாகும்போதெல்லாம் திருத்தணி முன்வரிசையில் நிற்கும். காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடும். மார்கழி இரவின் 25 டிகிரியிலிருந்து கத்திரி வெயிலில் ஷீட் கூரைக்குக் கீழே 40 டிகிரி ஆகும்போது, அறை வீங்க வைக்கும் ஒலி சுமார் இரண்டரை விழுக்காடு மேலேறுகிறது. அதாவது கிட்டத்தட்ட அரை ஸ்வரத்தில் பாதி. சுருதிப் பெட்டியை மாற்றாமலே வீடு சுருதி ஏறுகிறது. இதைக் கண்டறிய யாரும் அந்த வெயிலில் அறைக்குள் உட்கார்ந்திருக்கவில்லை என்பதால் தகவல் கணிதத்தோடு நிற்கிறது.

வாஸ்து கூறும் ஸ்டீரியோ

மின்சாதனம் அக்னி மூலையில் இருக்க வேண்டும் என்பது வாஸ்து. அக்னி மூலை தென்கிழக்கு. கனமான பொருள் கன்னி மூலையில் இருக்க வேண்டும் என்பதும் வாஸ்து. கன்னி மூலை தென்மேற்கு. ஸ்பீக்கர் மின்சாதனம், கனமானதும்கூட. எனில் எந்த மூலை?

நாம் கண்ட தீர்வு, இரண்டையும் ஏற்பது. ஒரு ஸ்பீக்கரை அக்னியிலும் இன்னொன்றைக் கன்னியிலும் வைத்தால் தெற்குச் சுவரின் இரு முனைகளிலும் இரண்டும் அமைந்து, இடைவெளி சமமாகி, கேட்பவர் வடக்குப் பக்கமாக உட்கார, பிளம்லைனும் மறுக்க முடியாத ஸ்டீரியோ அமைப்பு உண்டாகிறது. ஒலி காற்றில் பரவுவதால் ஸ்பீக்கரை வாயு மூலையில் வைக்க வேண்டும் என்பது வலிந்து பொருள் கோடல். அதை விடுக.

ஒரே தொல்லை, இரண்டும் மூலை. தரை, ஒரு சுவர், மறு சுவர் என ஒவ்வொரு பரப்பும் அண்டையில் இருக்கும்போது, தாழ்ந்த ஒலியை ஏட்டுக் கணக்கில் ஆறு டெசிபல் வரை கூட்டித் தரும். மூலையில் மூன்று பரப்பும் கூடுகின்றன. மிருதங்கத்தின் தொப்பி மட்டும் கச்சேரி செய்ய, வலந்தலை எங்கோ பக்கத்து ஊரில் கேட்கும். சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தாலே பாதி நோய் தீரும். இழுத்தால் துடைப்பம் போக வசதி என்று வீட்டில் வரவேற்பும் கிடைக்கும். ஆனால் ஒயர், மேற்படி சூத்திரம்.

மூவகைக் கொள்கையர்

இவ்வட்டாரத்தில் ஸ்பீக்கர் வைப்போரை மூலைவாதி, பரண்வாதி, பானைவாதி என மூன்றாகப் பகுக்கலாம். மூலைவாதியை மேலே கண்டோம்.

பரண்வாதி ஸ்பீக்கரை ஏழடி உயரத்தில், கடப்பாக்கல் ஸ்லாபின் மேல், பழைய கிரைண்டருக்கும் கொலுப் பெட்டிக்கும் நடுவே வைப்பார். கையேட்டின்படி ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும். உயர்ந்த ஒலி டார்ச் வெளிச்சமாக நேரே மட்டும் பாயும் தன்மையது. தலைக்கு மேல் பாய்ந்தால் எதிர்ச்சுவர்ப் பல்லிக்குத்தான் தெளிவாகக் கேட்கும். பரண்வாதியை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. அவர் பாட்டுக் கேட்கப் பழகிய இடங்களை நினைக்க வேண்டும்: டீக்கடை, சலூன், தனியார் பஸ். மூன்றிலும் ஸ்பீக்கர் தலைக்கு மேல். ஆடி மாதம் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் மரத்திலும் மின்கம்பத்திலும் குழாய் ஸ்பீக்கர். பாட்டு மேலேயிருந்து இறங்கி வருவது நம் பண்பாட்டில் இயல்பு. ஒரு நாற்காலியில் ஒருவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்து இரண்டு பெட்டிகளை முறைத்துக்கொண்டிருப்பது இயல்பல்ல. அப்படி உட்கார்ந்திருப்பவரிடம் வீட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வி “உடம்பு சரியில்லையா?” என்பதுதான். ஊருக்குச் சொல்லும் கருவியாக ஸ்பீக்கரைப் பழகிய நாட்டில் அதைத் தனக்கு மட்டும் பேசச் செய்வதில் உள்ள சங்கடத்தை மேல்நாட்டுக் கையேடுகள் எங்கும் பேசுவதில்லை. ஹை-ஃபை நம்மிடையே வேர்பிடிக்காததற்குப் பணத்தைவிட இதுவே பெரிய காரணம் என்பது இக்கட்டுரையாளர் துணிபு.

பானைப் படலம்

மூன்றாமவரே மூவரில் அறிவியலுக்கு நெருங்கியவர். பெட்டி இல்லாத வெறும் ஸ்பீக்கரை, காரிலோ பழைய டேப்பிலோ கழற்றியதை, மண்பானையின் வாயில் கவிழ்த்தோ நிமிர்த்தோ உட்கார வைத்துப் பாட்டுப் போடும் வழக்கம் தமிழகம் முழுக்க இருந்தது. லைன் வீடுகளில் இன்றும் காணலாம். படித்தவர் சிரிப்பர். சிரிப்பதற்கு முன் ஸ்பீக்கரின் முதுகை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஸ்பீக்கரின் கோன் முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. தாழ்ந்த ஒலியில் அலை நீளமானது ஆதலால், முன்னால் நெருங்கிய காற்று ஓரத்தைச் சுற்றிப் பின்னால் ஓடித் தளர்வை நிரப்பிவிடும். வரவும் செலவும் சரியாகி பாஸ் பூச்சியம். வெறும் ஸ்பீக்கர் கீச்சென்று கேட்பது இதனால். பெட்டி என்பது பின்னலையைச் சிறை வைக்கும் ஏற்பாடே ஒழிய அழகுக்கு அல்ல. அந்தச் சிறை பலகையால் ஆனாலென்ன, மண்ணால் ஆனாலென்ன? கூடுதலாக ஒரு நன்மையும் உண்டு. பலகைப் பெட்டிக்கு எதிரெதிர்ச் சுவர்கள் உண்டு. நம் பத்துக்குப் பத்து அறையின் நோய் அதற்குள்ளும் சிறிய அளவில் இருக்கும். பானைக்கு எதிரெதிராக நிற்கும் தட்டையான சுவர் கிடையாது. இன்றும் சில விலையுயர்ந்த ஸ்பீக்கர்கள் உருண்டை வடிவில் வருவதை அறிவோர் அறிவர்.

ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ், நாடக அரங்கின் இருக்கைகளுக்கு அடியில் வெண்கலக் குடங்களை இசைக்கு ஏற்பச் சுருதி பார்த்து வைக்கச் சொன்னார். ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட தம் நூலில், குறுகிய வாயுடைய குடம் ஒரே ஒரு ஒலிக்கு மட்டும் எதிரொலிப்பதை ஆராய்ந்தார்: வாய் அகன்றால் சுருதி ஏறும், வயிறு பெருத்தால் இறங்கும். இதை மானாமதுரைக் குயவர்களுக்குச் சொல்லப் போனால் காப்பி கொடுத்து அனுப்புவார்கள். கடம் அங்கே சுருதி பார்த்துத்தான் வருகிறது. ஸ்பீக்கர் பெட்டியில் ஓர் ஓட்டை போட்டு பாஸை நீட்டும் கலைக்கு 1961-இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் கணக்கு எழுதினார். பானையின் வயிற்றில் ஆணியால் துளை போட்டவர் கணக்கு எழுதவில்லை. வித்தியாசம் அவ்வளவே.

குறைகளும் உண்டு. பானை ஒரே சுருதியை விரும்பும். எந்தப் பாட்டைப் போட்டாலும் அந்தச் சுருதியில் ஒரு சம்மதம் தெரிவித்துக்கொண்டே இருக்கும். உள்ளே பழந்துணியோ இலவம் பஞ்சோ தளர்வாகத் திணித்தால் அது அடங்கும். ஸ்டீரியோவுக்கு ஒரே சூளையில் வெந்த, ஒரே அளவுப் பானை இரண்டு வேண்டும். ஒன்று பொங்கல் பானை, மற்றொன்று தண்ணீர்ப் பானை என்று அமைத்தால் பாடகர் வலப்பக்கமாகச் சாய்வார். எவர்சில்வர் அண்டாவைப் பயன்படுத்துவாரும் உளர். மண் அதிர்வை விழுங்கும். எவர்சில்வர் அதை ஊரறியச் சொல்லும். அண்டாவை ஆதரிக்க இயலவில்லை.

சபினின் மெத்தையும் நம் மெத்தையும்

1895-இல் ஹார்வர்டில் ஃபாக் அருங்காட்சியகச் சொற்பொழிவு அரங்கில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒவ்வொரு சொல்லும் வினாடிக் கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. இளம் விரிவுரையாளர் சபினிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து அடுக்கி, ஒலி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். தெருச் சத்தம் அடங்கிய பிறகு நள்ளிரவிலேயே அளக்க முடிந்தது. விடியுமுன் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிட வேண்டும். ஒரு கட்டத்தில் தாம் உடுத்திய துணியே ஒலியை விழுங்கி அளவை மாற்றுவது தெரிந்து, அதுவரை எடுத்த அளவுகளை ஒதுக்கிவிட்டு, அப்புறம் ஒரே உடுப்பையே ஆய்வுக்கு அணிந்தார். இது கேட்ட ஒரு வீட்டம்மா, “அந்தம்மா பாவம், துவைச்சே ஓய்ஞ்சிருப்பாங்க” என்றார்.

சபின் ஒலி விழுங்கும் திறனுக்கு வைத்த அலகு திறந்த ஜன்னல். ஜன்னல் வழியாக வெளியே போன ஒலி திரும்பி வராதல்லவா? ஆக ஒரு சதுர அடி திறந்த ஜன்னல் ஓர் அலகு. இந்த அலகை நம் களத்தில் பொருத்திப் பார்த்தோம். வழவழ டைல்ஸும் சிமெண்டுப் பூச்சும் கொண்ட வெறும் பத்துக்குப் பத்து அறையில் ஒலி அடங்க இரண்டு மூன்று வினாடிகூட ஆகும். பாட்டுக் கேட்க அரை வினாடிக்குள் அடங்க வேண்டும். சபினின் வாய்ப்பாட்டில் போட்டால், நாலுக்கு நாலு ஜன்னல் ஐந்தாறு தேவை. ஆறு ஜன்னல் உள்ள பத்துக்குப் பத்து அறையை நம் ஊரில் மண்டபம் என்போம். அன்றியும் திறந்த ஜன்னல் வழி நம் ஒலி வெளியே போகும். வெளி ஒலி உள்ளே வராது என்று சபின் எழுதிக் கொடுக்கவில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தொழிற்பகுதிக்குப் பகலில் 75 டெசிபலும் இரவில் 70-ம் அனுமதிக்கின்றன. குடியிருப்புக்கு 55, 45. தேசிய நெடுஞ்சாலை 16-ஐ ஒட்டிய வீட்டில் கம்பி ஏற்றிய டிரெய்லர் ஸ்பீட் பிரேக்கரைக் கடக்கும்போது எந்த விதியும் காதில் விழுவதில்லை.

எனவே ஜன்னலைச் சாத்திவிட்டு மெத்தைக்கு வருவோம். இலவம் பஞ்சு மெத்தையைப் பகலில் சுருட்டி மூலையில் நிறுத்துகிறோமே, அதுவே முதல் மருந்து. ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நடுவே தரையில் ஜமுக்காளம். பக்கச் சுவரில், கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தால் ஸ்பீக்கர் தெரிகிற இடத்தில், கனத்த துணி. கொடியில் காயும் போர்வைக்கு இத்தனை நாளாக நாம் உரிய மதிப்புத் தரவில்லை.

கொலு பற்றிச் சுருக்கமாக. மான்ஃபிரெட் ஷ்ரோடர் 1975-இல், ஆழம் மாறி மாறி அமைந்த பள்ளங்கள் ஒலியைப் பல பக்கமும் சிதறடிக்கும் என்று எண் கணிதத்தால் காட்டினார். ஒற்றைப்படைப் படிகளில், தசாவதாரம் ஓர் உயரமும் செட்டியார் பொம்மை ஓர் உயரமுமாக நிற்கும் கொலு, அந்தக் கணக்குக்குச் சரியாக வராது. ஆனாலும் வெறும் சுவருக்கு எவ்வளவோ தேவலை. நவராத்திரியில் பாட்டு நன்றாகக் கேட்பதற்குச் சுண்டல் காரணமல்ல.

கருவிகள்

ஸ்பீக்கரைக் காது உயரத்துக்குக் கொண்டுவர ஸ்டாண்ட் வேண்டும். கடையில் விற்பதன் விலை ஸ்பீக்கரின் விலையை நெருங்கும். உலகில் எங்கும் இல்லாத வசதி கும்மிடிப்பூண்டிக்கு இங்கேதான்: கம்பி உருட்டும் ஊர். எந்த வெல்டிங் பட்டறையிலும் சதுரக் குழாயில் இரண்டடி உயர ஸ்டாண்ட் பற்றவைத்துத் தருவார்கள். குழாய்க்குள் காய்ந்த மணலை நிரப்பி மூட வேண்டும். மணல் இல்லையேல் ஸ்டாண்டே மணியாக ஒலிக்கும். அடியில் கூர்முனை வைத்தால் டைல்ஸ் கீறும். ஒவ்வொரு முனைக்கும் ஓர் ஐந்து ரூபாய் நாணயம் அணை கொடுக்கலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த நாணயங்களின் ஆயுள் குறைவு. பட்டறைக்காரர் மட்டும் ஒரு கேள்வி கேட்பார்: “மிக்ஸிக்கா சார்?”

பிளஸ், மைனஸ் ஒயர் ஒரு ஸ்பீக்கரில் மாறியிருந்தால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். பாஸ் காணாமல் போகும், பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கரைந்துபோவார். செட்டை மாற்றலாமா என்று ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் பலரின் பிரச்சினை இதுவே. ஒயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி, அதன் முனைகளில் ஒரு பென்சில் பேட்டரியைத் தொட்டு எடுத்தால் போதும். பிளஸ்ஸில் பிளஸ் பட்டால் வூஃபர் வெளியே எழும். உள்ளே போனால் மாறியிருக்கிறது.

அதிர்வு ஆராய்ச்சி தனி. பாஸ் வந்ததும் வீட்டில் ஏதோ ஒன்று ‘ஜிர்ர்’ என்று கூடவே பாடும். குற்றவாளி ஸ்டீல் பீரோவின் கதவு, ஷோகேஸ் கண்ணாடி, அடுக்கிய எவர்சில்வர் டம்ளர், சிமெண்ட் ஷீட் கூரையின் போல்ட் ஆகியவற்றுள் ஒன்று. ஒவ்வொன்றாகக் கை வைத்து அழுத்திப் பார்த்தால் நிற்கும் இடத்தில் பிடிபடும். பீரோ பிடிபட்டால் அதன் மேல் புடவை மூட்டையை ஏற்றினால் அடங்கும். கேட்டுவிட்டு ஏற்றுவது நல்லது.

புறனடை

இவ்வளவும் செய்தாயிற்று. ஸ்டாண்ட் வந்தது, மெத்தை நின்றது, ஒயர் நீண்டது, முக்கோணம் அமைந்தது. இனி ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, வேண்டிய பாட்டைப் போட்டு, வேண்டிய அளவுக்கு வால்யூமைத் திருப்ப வேண்டியதுதான். அப்போது பக்கத்து அறைக் கதவு திறக்கும்.

“அண்ணே, நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து இப்பத்தான் கண்ண மூடினேன். கொஞ்சம் கம்மி பண்ணிக்கிறீங்களா?”

ஷிஃப்ட் ஊரில் பகல் என்று பொதுவாக ஒன்று கிடையாது. யாராவது ஒருவர் எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கிறார். எனவே வால்யூம் இரண்டுக்கு மேல் ஏறாது. பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் காட்டியபடி, ஒலி சிறுத்தால் மனிதக் காது முதலில் இழப்பது தாழ்ந்த ஸ்வரங்களை. வால்யூம் இரண்டில் பாஸ் சுத்தமாக இல்லை. மிருதங்கத்தில் இப்போது தொப்பியே கிடையாது. பாஸைக் கூட்ட என்ன வழி என்று கணக்குப் போட்டால், மூன்று பரப்புகள் கூடும் இடத்துக்கு ஸ்பீக்கரைத் தள்ளினால் மின்சாரமும் சத்தமும் ஏறாமல் தாழ்ந்த ஒலி மட்டும் கூடும் என்று விடை வருகிறது. அந்த இடத்துக்கு மூலை என்று பெயர். அங்கே பிளக் பாயிண்டும் இருக்கிறது.

துயிலும் அண்டை உடையார் தமக்கு
மூலையும் முறையே, முன்னது கடிந்ததை
ஈண்டுக் கடியார் என்மனார் புலவர்.

பூச்சுவேலைக்கு முன்பே இதை உணர்ந்து சுவரைக் கொத்திய எலக்ட்ரீஷியனின் பெயர் எந்த வீட்டுக்காரருக்கும் நினைவில்லை. ஆய்வுக்கென வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாஷிங் மெஷினுக்குப் போயிற்று. ஸ்டாண்ட் இரண்டில் ஒன்றில் மிக்ஸி இருக்கிறது.